பாரம் ஏற்றிய நாள்

சென்ற வாரம் மருமகள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்ட கேள்விக்கு, மாமனார் முன்வண்டியார் வாயைத் திறக்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார். போனவர் செய்த முதல் காரியம், அங்கே நின்ற தம்முடைய லாரியின் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்ததுதான். வண்டி தரமாட்டேன் என்கிறவர் எதற்கு டயரைத் தட்டுகிறார்? சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்த அவர் மனைவிக்கு அப்போதே பதில் தெரிந்துவிட்டது.

கேள்வி இதுதான். ஆற்றுக்குக் குறுக்கே கட்டி முடித்திருக்கிற புதுப் பாலத்துக்குப் பாரச் சோதனை நடக்க வேண்டும். எடை போட்ட லாரிகளை நடுப்பாலத்தில் கொண்டுபோய் ஒரு பகலும் ஓர் இரவும் நிறுத்தி வைப்பார்கள். பாரத்தில் பாலம் எவ்வளவு வளைகிறது, பாரத்தை எடுத்ததும் எவ்வளவு நிமிர்கிறது என்று அளந்து பார்ப்பார்கள். கணக்குக்குள் வந்தால் பாலம் திறக்கும். அதற்கு ஆறு லாரி பேசியிருந்தார்கள். ஒன்று அச்சு முறிந்து படுத்துவிட்டது. மாமாவின் வண்டி கிடைக்குமா?

மாமாவுக்கும் மருமகளுக்கும் பேச்சு நின்று ஒரு மாதம் ஆகிறது. பாலத்துக்குப் போகிற இணைப்புச் சாலையைப் புதிதாகப் போட்டிருந்த சமயம், அளவுக்கு மேல் மணலைக் குவித்துக்கொண்டு அவர் சைட் வாசலில் போய் நின்றார். அங்கே இன்ஜினியர் அவருடைய மருமகள்தான். “இந்த எடையோட உள்ள விட முடியாது மாமா, திருப்பிக்கோங்க” என்றாள். சொன்னதுகூடப் பெரிதில்லை. அவர் திரும்புவதற்காகப் பின்னால் நின்ற அத்தனை லாரிகளும் வரிசையாகப் பின்னுக்கு நகர வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்து டிரைவர்கள் அவரை முன்வண்டி என்று கூப்பிடுவதே, எந்த வரிசையிலும் முதலில் நிற்பது அவர் வண்டி என்பதால்தான். அன்றைக்கு அது முதன்முறையாகப் பின்வாங்கியது. டிரைவர்கள் சிரித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் சிரிப்புச் சத்தம் இன்னும் அவர் காதில் இருந்தது.

அன்று முதல் மருமகளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் அவர் மனைவியிடம்தான் சொல்லி வருகிறார். மருமகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான்.

இன்று காலையிலும் அப்படித்தான்.

“வண்டி நேரத்துக்கு வந்துடும்னு அவங்ககிட்ட சொல்லு.”

மருமகள் மஞ்சள் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “எடை சீட்டு மறக்காம வாங்கிட்டு வரணும்னு மாமாகிட்ட சொல்லுங்க அத்தை. சீட்டுல என்ன எடையோ அதுதான் கணக்கு.”

மூன்று பேருக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டு மேஜைதான் இருந்தது.

“நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?” என்றாள் மனைவி. “இந்த வீட்ல எனக்குன்னு ஒரு பேச்சு பேசி எத்தனை நாளாச்சு. எல்லாம் ஊரான் பேச்சு.”

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பைக்கில் ஏறிப் போனாள். மகன் ஊரில் இருந்திருந்தால் இரண்டு பக்கமும் பேசி எப்போதோ சரிப்படுத்தியிருப்பான். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருகிறான்.

முன்வண்டியார் சாவியை எடுத்தபோது மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணு கேளுங்க. அவ உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணுமாம்.”

“என்னவாம்?”

“அதை நான் தூக்கிட்டு வரமாட்டேன்.”

“இத்தனை நாளா எல்லாத்தையும் தூக்கிட்டுத்தானே வந்தே?”

“இது வேற. இது நேரா வர வேண்டிய சரக்கு. பேச்சு வார்த்தை வச்சுக்கிட்டு நீங்களே வாங்கிக்கோங்க.” சொல்லிவிட்டு வழியை விட்டாள். அவளுக்கும் வேலை இருந்தது. ஊரில் பந்தல், நாற்காலி, ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற கடை அவளுடையது. சோதனைக்கு வருகிற அதிகாரி உட்காரப் பாலத்தின் முகப்பில் பந்தல் போடும் பொறுப்பும் அவளிடம்தான்.

*

மணல் குவாரியில் ஆறு லாரியும் நிரம்பின. எடைமேடையில் ஒவ்வொன்றாக ஏறி, கேட்ட எடையைக் காட்டி, சீட்டு வாங்கிக்கொண்டு இறங்கின. முன்வண்டியார் தம் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்து மேலே தட்டிக்கொண்டார். ஒரு கை மணல்கூட அதிகம் இல்லை. இந்தத் தடவை யார் வண்டியைத் திருப்புகிறார்கள் என்று பார்க்கலாம்.

எடைமேடையைத் தாண்டினால் வாய்க்கால் திருப்பம். அங்கே ஒரு பம்புசெட். அந்த இடம் வந்ததும் அவருடைய இடது கால் தானாகவே கிளச்சைத் தேடும். மணல் லாரி ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து உள்ள வழக்கம்: நிறுத்தி, ஓஸ் பைப்பை எடுத்து, மணல்மேல் தாராளமாகத் தண்ணீர் அடித்துவிட்டுத்தான் ஊருக்குள் நுழைவார். உலர்ந்த மணல் காற்றில் பறந்து பின்னால் பைக்கில் வருகிறவன் கண்ணில் போய் விழும். அவருடைய வண்டியின் மணல் இதுவரை யார் கண்ணிலும் விழுந்ததில்லை. அதில் அவருக்கு ஒரு கர்வமே உண்டு.

இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே அடித்தார். அதிகாரிகள் வருகிற இடம். கழுவித் துடைத்த புதுப் பாலம். மருமகளோடு பேச்சு இல்லைதான், அதற்காக அவள் பாலத்தில் தூசி கிளப்ப முடியுமா?

அடுத்த லாரியிலிருந்து ஹாரன் எட்டிப் பார்த்தான். ரோட்டில் ஆள் இல்லாவிட்டாலும் ஹாரன் அடிக்கிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். “அண்ணே, நாங்களும் அடிக்கணுமா?”

“கேக்கணுமா? வீட்டுக் காரியம் மாதிரி நினைச்சு அடிங்கப்பா.”

முன்வண்டி செய்ததைப் பின்வண்டிகள் செய்யும். ஆறு லாரியும் சொட்டச் சொட்ட நனைந்து வரிசையாகப் புறப்பட்டன.

பழைய பாலத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே போனார். அதன் வாயில் இரண்டு இரும்புத் தூண் நட்டு, கனரக வண்டிகள் போகக்கூடாது என்று பலகை மாட்டி வருஷக்கணக்காகிறது. எதிர்க்கரைச் சந்தை இங்கிருந்தே தெரியும்; கூப்பிட்டால் கேட்கும். ஆனால் லாரி அங்கே போகவேண்டுமானால் அடுத்த ஊர் அணைக்கட்டுவரை போய்ச் சுற்றி வரவேண்டும். தக்காளி ஏற்றினால் பாதி குழம்பாகத்தான் இறங்கும். போகிற வழியில் குடிக்கிற டீசலைப் பார்த்தால் வண்டிக்கு வயிறு இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று சந்தேகம் வரும். அவருடைய மனைவி அக்கரையில் ஒரு விசேஷத்துக்கு நாற்காலி அனுப்பினால், விசேஷம் முடிந்த பிறகுதான் சில சமயம் நாற்காலி போய்ச் சேரும்.

இந்தப் புதுப் பாலம் சோதனையில் தேற வேண்டும். அது அவருக்கு மருமகளைவிட நன்றாகத் தெரியும். என்ன, அதை அவளிடம் சொல்லத்தான் முடியவில்லை.

*

காலையிலேயே பாலத்தின் தளத்தைக் கழுவி, சக்கரம் நிற்கவேண்டிய இடங்களைச் சுண்ணாம்பால் குறித்திருந்தார்கள். முன்வண்டியார் கோட்டின்மேல் சக்கரத்தை ஒரு விரல்கூடப் பிசகாமல் நிறுத்தினார். மற்றவர்கள் பின்னாலும் பக்கத்திலும் வந்து நின்றார்கள். எஞ்சின்கள் அணைந்தன.

மருமகள் மேலே இல்லை. பாலத்தின் அடியில், மணல்திட்டிலிருந்து எழுப்பிய சாரத்தில் நின்றாள். பாலத்தின் அடிவயிற்றைத் தொட்டபடி கடிகாரம் போன்ற கருவிகள் வரிசையாக இருந்தன. தலைமயிர் கனத்துக்குப் பாலம் தாழ்ந்தாலும் அவற்றின் முள் நகரும். பாரம் ஏறியதும் முள் இறங்கும்; பிறகு அசையாமல் நிற்கவேண்டும். நின்றால் நல்ல பாலம்.

தலைமையகத்திலிருந்து வந்திருந்த சோதனை அதிகாரி பந்தலில் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். முன்வண்டியாரின் மனைவி கொண்டுவந்து வைத்த மின்விசிறியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டவர், அதன் பிறகு எளிதில் எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் தாண்டியது. வண்டியோடு இருக்க வேண்டும் என்பதால் முன்வண்டியார் தம் லாரியின் நிழலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஹாரன் துண்டை விரித்துப் படுத்திருந்தான்.

கைப்பிடிச் சுவரை ஒட்டி, மழைத்தண்ணீர் கீழே இறங்குவதற்காகத் தளத்தில் குழாய்கள் பதித்திருந்தார்கள். அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஒன்று இருந்தது. திடீரென்று அந்தக் குழாய் பேசியது.

“மேல யாரு? யாரு தண்ணி ஊத்தறது?”

மருமகளின் குரல். குழாயில் புகுந்து வந்ததால் சற்றுத் தடித்திருந்தது.

முன்வண்டியார் பழக்கதோஷத்தில் மனைவியைத் தேடித் திரும்பினார். அவள் பந்தலில் இருந்தாள். ஹாரனைக் காலால் தட்டினார்.

“டேய், யாரும் தண்ணி ஊத்தலைன்னு சொல்லு.”

“யார்கிட்டண்ணே?”

“குழாய்கிட்ட.”

ஹாரன் ஒரு கண்ணைத் திறந்தான். “குழாய்கிட்டன்னா நீங்களே சொல்லலாமேண்ணே. உங்களுக்கும் குழாய்க்கும் ஒண்ணும் தகராறு இல்லையே.” கண்ணை மூடிக்கொண்டான்.

யோசித்துப் பார்த்தார். அவன் சொன்னதில் தப்பில்லை. குழாய் பக்கமாகக் குனிந்து, “யாரும் ஊத்தலை” என்றார்.

கீழே சாரத்தின் பலகை ஒன்று கிறீச்சிட்டது. பிறகு, “மாமாவா?”

“நான் குழாய்கிட்ட பேசிட்டிருக்கேன்.”

“சரி. குழாய் கேட்டுக்குது. சொட்டுச் சொட்டா என் ஹெல்மெட் மேல தண்ணி விழுது. எங்கேருந்து வருதுன்னு குழாய் தெரிஞ்சுக்கணுமாம்.”

“காலையில கழுவினாங்களே, அந்தத் தண்ணியா இருக்கும்.”

“அது எப்பவோ காய்ஞ்சிருக்குமே.” அவள் குரலில் களைப்பு இருந்தது. பிறகு அவரிடம் சொல்வதுபோல் இல்லாமல், தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல் தொடர்ந்தாள். “இங்க ஒண்ணுமே புரியல. பாரம் ஏறினப்போ கணக்குக்கு மேல முள்ளு இறங்குச்சு. சரி, பாலத்துலதான் ஏதோ குறைன்னு பயந்துட்டேன். இப்போ அதுவா மேல ஏறுது. வண்டி அப்படியே நிக்குது, பாரம் அப்படியே இருக்கு, பாலம் மட்டும் எப்படி எழும்பும்? அதிகாரி வந்து பாத்துட்டுப் போனார். கருவி தப்புன்னா இன்னிக்கு சோதனை செல்லாது, பாலத்தைத் தாங்கற இடம் நழுவியிருந்தா பாலமே செல்லாதுங்கறார். சாயங்காலம் அவர் கிளம்பிட்டா, அடுத்து மழைக்காலம் முடிஞ்சுதான் வருவாராம்.”

முன்வண்டியார் தளத்தைப் பார்த்தார். வெயிலில் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. லாரிகளின் பின்பலகைக்கு அடியில் மட்டும் ஈரம். அவருடைய பின்பலகையின் இடுக்கில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுந்தது. ஓடி, குழாய்க்குள் இறங்கியது.

ஆறு லாரிக்கு அடியிலும் அதே ஈரம்.

‘சீட்டுல என்ன எடையோ அதுதான் கணக்கு’ என்று காலையில் மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. சீட்டு வாங்கியது உலர்ந்த மணலுக்கு. தண்ணீர் அடித்தது அதற்குப் பிறகு. குடம் குடமாக அடித்த தண்ணீரும் பாரம்தானே? அதனால்தான் கணக்குக்கு மேல் இறங்கியிருக்கிறது. இப்போது அது வடிந்தும் காய்ந்தும் போகிறது. பாரம் குறையக் குறையப் பாலம் எழும்பாமல் என்ன செய்யும்?

சட்டைப் பையிலிருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்தார்.

பேசாமல் இருந்துவிடலாம். மணல் காய்ந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பழி பாலத்தின்மேல் விழும். அதைக் கட்டியவள்மேல் விழும். சொன்னாலோ, மறுபடியும் அதே டிரைவர்கள், அதே மருமகள், அதே லாரி. போன தடவை எடை அதிகம். இந்தத் தடவையும் எடை அதிகம்.

அவர் முழங்காலை ஊன்றிக் குழாய்க்கு அருகே நன்றாகக் குனிந்தார்.

“குழாய்க்கு ஒரு விஷயம் சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“எடை போட்ட பிறகு மணல்ல தண்ணி அடிச்சேன். தூசி பறக்கக்கூடாதுன்னு. எப்பவும் அடிக்கறதுதான்.”

“உங்க வண்டியில மட்டுமா?”

“எல்லா வண்டியிலும். நான் சொல்லித்தான் அடிச்சாங்க.” தொண்டையைச் செருமினார். “இன்னிக்குக் கொஞ்சம் கூடுதலாவே.”

திட்டு வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். வந்தது சிரிப்பு. முதலில் மூச்சு விடுகிற சத்தம் மாதிரி தொடங்கி, பிறகு அடக்கமாட்டாமல், சாரத்தின் பலகைகள் அதிரும்படி அவள் சிரித்தாள். குழாய் முழுக்கச் சிரிப்பு நிறைந்து மேலே பொங்கி வந்தது.

“அப்போ பாலத்துல குறை இல்ல மாமா. அது நல்லாத்தான் இருக்கு. நீங்க வச்ச தண்ணியைக்கூட விடாம அளந்து சொல்லியிருக்கு பாருங்க.”

அப்படி ஒரு கோணம் இருக்கிறதென்று அவருக்குத் தோன்றவே இல்லை.

“ஆனா ஒண்ணு” என்றாள் அவள், சிரிப்பு அடங்கியதும். “இதை நான் சொன்னா, பாலத்தைக் காப்பாத்த கதை கட்டறேன்னு அதிகாரி நினைப்பார். நீங்கதான் வந்து சொல்லணும். குழாய் வழியா இல்ல. நேர்ல.”

*

பந்தலுக்குப் போகிற வழி நீளமாக இருந்தது. ஹாரன் எழுந்து பின்னாலேயே வந்தான். என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே மற்ற டிரைவர்களும் வந்தார்கள். முன்வண்டி நகர்ந்தால் பின்வண்டிகள் நகரும்.

அதிகாரியின் முன்னால் நின்று சொல்லி முடித்தார். நடுவில் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் மறுபடியும் தொடங்கியிருக்க மாட்டார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “எடை போட்டாச்சு. அதுக்கப்புறம் எதுக்கு ஐயா தண்ணி?”

“பின்னாடி வர்றவங்க கண்ணுல விழக்கூடாதுங்க.”

“நல்ல பழக்கம்தான்” என்றார் அதிகாரி. “இன்னிக்கு ஒரு நாள் விட்டிருக்கலாம்.”

பின்னால் யாரோ களுக்கென்றார்கள். முன்வண்டியார் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சூடானது. அப்போது மருமகள் படியேறி மேலே வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவரைத் தாண்டிப் போகவில்லை, பக்கத்தில்தான் நின்றாள். ஹெல்மெட் நனைந்திருந்தது.

“சார், மணலை மாத்திடறோம். யார்டுல ஜல்லி குவிச்சு வச்சிருக்கோம். ஜல்லி தண்ணியைக் குடிக்காது. எல்லா வண்டியிலும் ஜல்லி ஏத்தி, புதுசா எடை போட்டு, முதல்லேருந்து ஆரம்பிக்கறோம்.”

அதிகாரி வானத்தைப் பார்த்தார். “சூரியன் இறங்கறதுக்குள்ள வண்டி எல்லாம் கோட்டுல நிக்கணும். நின்னா நான் ராத்திரி தங்கறேன். இல்லேன்னா கிளம்பிடுவேன்.”

மருமகள் முன்வண்டியாரைப் பார்த்தாள். “முடியுமா மாமா?”

ஒரு மாதத்தில் முதன்முறையாக, நடுவில் மனைவியும் இல்லை, குழாயும் இல்லை.

“முடியும்மா” என்றார் அவர். உடனே டிரைவர்கள் பக்கம் திரும்பி, “என்னப்பா மரம் மாதிரி நிக்கறீங்க? வண்டியை எடுங்க” என்றார்.

*

யார்டில் மணலைக் கொட்டிவிட்டு ஜல்லி ஏற்றுவதில் பெரிய சிக்கல் இல்லை. லோடர் ஓட்டுகிறவன் கைகாரன். எடைமேடைக்கு வந்தபோதுதான் விஷயம் மாட்டிக்கொண்டது. கரண்ட் போயிருந்தது. எண் காட்டுகிற பெட்டி கறுத்துக் கிடந்தது. எடைமேடைக்காரர் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

“எப்ப வரும்?”

“வர்றப்போ வரும். மத்தியானம் போனா, டீ நேரத்துக்குத் திரும்பி வர்றது அதோட வழக்கம். சில நாள் டீ குடிச்சிட்டு மெதுவாவும் வரும்.”

ஆறு லாரி வரிசையில் நின்றது. சூரியன் யாருக்காகவும் நிற்கிற மாதிரி தெரியவில்லை. முன்வண்டியார் ஃபோனை எடுத்தார். விஷயத்தைக் கேட்ட மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள்: “எடை மெஷினுக்கு எவ்வளவு கரண்ட் வேணும்? ஃபேன் அளவுக்குப் போதுமா?”

பந்தலில் என்ன நடந்தது என்பதை அவள் பிற்பாடு பலமுறை சொன்னாள். ஜெனரேட்டரை அணைத்தாளாம். விசிறி மெல்லச் சுற்றி நின்றதாம். அதிகாரி நிமிர்ந்து பார்த்தாராம்.

“அம்மா, ஃபேன்...”

“பாலத்துக்கு வேணும் ஐயா.” நாற்காலி வந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாளாம். “இதைக் கையால சுத்தணும். கரண்ட் வேண்டாம்.”

லோடு ஆட்டோவில் ஜெனரேட்டரோடு அவள் எடைமேடைக்கு வந்து இறங்கியபோது, முன்சீட்டில் அதிகாரியும் உட்கார்ந்திருந்தார், அட்டையால் விசிறிக்கொண்டு. காற்று இல்லாத பந்தலில் இருப்பதைவிட எடையைக் கண்ணால் பார்ப்பது மேல் என்று புறப்பட்டு வந்துவிட்டாராம்.

ஜெனரேட்டர் இருமி, திணறி, பிடித்துக்கொண்டது. பெட்டியில் சிவப்பு எண்கள் எழுந்தன. மருமகள் எண்ணைப் பார்த்துக் கைகாட்ட நின்றாள்.

முதல் வண்டி ஏறியது. எண் கேட்ட இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“பரவாயில்ல, இன்னும் ஒரு அள்ளு போட...” என்று பழைய பழக்கத்தில் தொடங்கிய முன்வண்டியார், மருமகளின் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். உண்மையில் எண் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. வேறு ஒன்றும் சொல்லாமல் லாரிமேல் ஏறி, கூடையில் ஜல்லியை அள்ளிக் கீழே கொட்ட ஆரம்பித்தார்.

டிரைவர்கள் வண்டியைச் சுற்றிக் கூடினார்கள். முன்வண்டி சரக்கைக் குறைத்து அவர்கள் பார்த்ததில்லை.

“அண்ணே, சூரியன் மேற்கேதானே இறங்குது?” என்று ஹாரன் கேட்டான்.

“உன் வாயைக் குறைச்சாலே பாதி எடை குறையும்டா. போய் வண்டியில ஏறு.”

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஒரு மாதமாக அவர் காதில் இருந்த பழைய சிரிப்பு அதில் எங்கோ கலந்து போய்விட்டது.

திரும்பும்போது வாய்க்கால் திருப்பத்தில் அவருடைய இடது கால் கிளச்சைத் தேடியது. கண்ணாடியில் பார்த்தார், பின்னால் வந்த ஐந்து வண்டிகளும் பழக்கத்தில் வேகம் குறைத்தன. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, போ போ என்று காற்றைத் தள்ளினார். ஹாரன் மட்டும் பம்புசெட்டுக்கு ஒரு நீள ஹாரன் அடித்துவிட்டு வந்தான்.

*

சூரியன் ஆற்றின் வளைவில் சிவப்பாக இறங்கியபோது ஆறு வண்டியும் சுண்ணாம்புக் கோட்டில் நின்றன. பாதி வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. மருமகள் கீழே சாரத்தில். அதிகாரி அவளுக்குப் பக்கத்தில், அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

முன்வண்டியார் தம் பின்சக்கரத்துக்கு அருகே, குழாய்க்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. மனைவி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சந்தையில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கியது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

“மாமா” என்றது குழாய்.

“சொல்லும்மா.”

“முள்ளு இறங்குச்சு. கணக்குல எங்க நிக்கணுமோ அங்க வந்துடுச்சு.”

“நிக்குதா?”

“பாத்துட்டே இருக்கோம்.”

காத்திருந்தார்கள். டிரைவர்கள் பீடியைக்கூடப் பற்றவைக்கவில்லை, அதுவும் பாரமாகிவிடுமோ என்பதுபோல.

“நிக்குது” என்றது குழாய். “அசையவே இல்ல. அதிகாரி கைகுலுக்கினார். நாளைக்குச் சாயங்காலம் வண்டியை இறக்கினதும் நிமிர்ந்துடும் பாருங்க.”

ஹாரன் ஓடிப்போய்த் தன் லாரியின் ஹாரனை விடாமல் அடித்தான். இன்றைக்கு யாரும் அவனைத் திட்டவில்லை.

“எனக்கு வேலை போச்சு” என்றாள் மனைவி. “இனிமே மாமனாரும் மருமகளும் நேரா பேசிக்குவீங்க. நான் எங்க போய்ப் பிழைக்கறது?”

“ஜெனரேட்டரை வாடகைக்கு விட்டுப் பிழை” என்றார் அவர்.

சத்தம் அடங்கியதும் குழாய் மறுபடி கூப்பிட்டது. இந்தத் தடவை மெதுவாக.

“மாமா, இன்னொரு விஷயம் இருக்கு. அத்தை தூக்கிட்டு வரமாட்டேன்னு சொன்னாங்களே, அது.”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆற்றில் அப்படிப் பார்க்க ஒன்றும் இல்லை.

“சொல்லும்மா. குழாய் காலியாத்தான் இருக்கு.”

“இது குழாய்ல அனுப்பற விஷயம் இல்ல மாமா. நான் மேல வரேன்.”

கீழே சாரத்தின் இரும்புப் படிகளில் காலடிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. “மெதுவா ஏறும்மா, இந்த மாதிரி நேரத்துல அவசரம் கூடாது” என்று மனைவி கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டிக் குரல் கொடுத்தாள். முன்வண்டியார் எழுந்தார். லாரியின் இடதுபக்கக் கதவைத் திறந்து, சீட்டில் கிடந்த எண்ணெய்த் துணியைத் தூக்கி எறிந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து, நன்றாக உதறி, அந்த இடத்தில் விரித்துப்போட்டார்.

படியின் உச்சியில் முதலில் மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது.